ஜீனோடைப் 3, 1, 6: இந்திய ஹெபடைடிஸ் சி கணக்கை எப்படிப் படிப்பது

ஒரு மருத்துவமனையில் ஐந்து வருடமாகச் சேர்ந்த, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸின் ரிப்போர்ட்டுகளை எடுத்து, வகை (ஜீனோடைப்) 3 இத்தனை சதவீதம், வகை 1 இத்தனை சதவீதம் என்று கூட்டி, தலைப்பில் மாநிலத்தின் பெயரைப் போட்டுவிட்டால் ஆய்வுக் கட்டுரை தயார். அந்த வட்டப்படத்தைப் பார்க்கிறவர்கள் "அந்த ஊர் வைரஸ் இதுதான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது மூன்று விஷயங்களின் கலவை: யாருடைய ரத்தம் வந்தது, அவர்களுக்கு எந்த வழியாகத் தொற்றியது, லேப் வைரஸின் எந்தத் துண்டைப் படித்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் சதவீதத்துக்கு அர்த்தம் வரும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்டது. நகலெடுக்கும் என்சைமுக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. அதனால் எழுத்துகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். முழு நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி ஜீனோடைப். ஒரே ஜீனோடைப்புக்குள் 15 முதல் 25 சதவீதம் வரை வேறுபடுபவை துணை வகைகள்: 1ஏ, 1பி, 3ஏ, 3பி என்று எழுத்துச் சேர்த்து அழைக்கிறார்கள். இப்போது 8 ஜீனோடைப்புகள் கணக்கில் உள்ளன. எட்டாவது, கனடாவில் வசிக்கும் பஞ்சாபைப் பூர்வீகமாகக் கொண்ட சில நோயாளிகளிடம் கிடைத்து 2018இல் வெளியானது. அவர்களுக்கு முதலில் செய்த வழக்கமான டெஸ்ட், இதை வேறொரு வகையாகத்தான் காட்டியது. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், கீழே லேப் பகுதியில் உதவும்.

உலக அளவில் வகை 1தான் முதலிடம், ஏறக்குறைய 46 சதவீதம். வகை 3 ஏறக்குறைய 30. இந்தியாவில் இந்த வரிசை தலைகீழ். வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் வகை 3தான் ஆளுகிறது, அதிலும் 3ஏ முன்னே, 3பி பின்னே. பஞ்சாப் அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் வகை 3. தெற்கே வர வர வகை 1இன் பங்கு கூடுகிறது. 3உம் 1உம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, கொஞ்சம் வகை 4உம் தட்டுப்படுகிறது. வடகிழக்கில் கதையே வேறு. மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் வகை 6 கணிசமாக வரும், கூடவே 3பி. எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் 6என், 3பி இரண்டும் அப்படியே உண்டு. மாநில எல்லையைவிட ஹெராயின் வந்த பாதையைத்தான் இந்த வரைபடம் ஒத்திருக்கிறது.

ஏன் இப்படி? வகை 3 தெற்காசியாவில் நெடுங்காலமாகப் புழங்குவது. 3ஜி, 3ஐ போன்ற துணை வகைகளும் இங்கே கிடைப்பது அதற்கான அடையாளம். ஒரு வகை ஓரிடத்தில் நீண்ட காலம் இருந்தால் கிளைகள் நிறைய விட்டிருக்கும். சமீபத்தில் வந்து வேகமாகப் பரவியிருந்தால் எல்லாம் ஒரே கிளையில், ஒட்டினாற்போல இருக்கும். உலகம் முழுக்க ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் பரவிய 3ஏ இரண்டாவது ரகம். 1பி பெரும்பாலும் ரத்தம் ஏற்றுதல், சுத்தம் செய்யாத ஊசி, சிரிஞ்ச் வழியாகப் பரவிய பழைய வரவு. ஆக "வகை 3 அதிகம்" என்று நிறுத்தினால் பாதிச் செய்திதான். எந்த 3 என்பதில்தான் வழி தெரியும்.

ஒரே வழி, ஒரே வகை என்பதற்கு எகிப்தைப் பார்க்கலாம். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழு நோய்க்கு ஊசி மருந்தை ஊர் ஊராகப் போட்டார்கள். சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். 2008இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயது வரையிலானவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. வைரஸை வகைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலும் 4ஏ. அங்கே வட்டப்படம் கிட்டத்தட்ட ஒரே நிறம். இந்தியாவில் அப்படி ஒற்றைச் சம்பவம் இல்லை. சின்னச் சின்னப் பரவல்கள் ஆயிரம். அதனால்தான் இங்கே மாதிரி எடுப்பது கஷ்டம்.

மாதிரியில் முதல் சறுக்கல் முகவரி. வேலூர் போன்ற ஊரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வருகிறார்கள். அங்கே எடுத்த கணக்கைத் "தமிழ்நாட்டு நிலவரம்" என்று எழுதினால் வகை 6 தமிழ்நாட்டில் பரவுகிறது என்று ஒருவர் பதறலாம். ஆதார் முகவரியும் போதாது. பிறந்த மாவட்டம், அதிக வருடம் வாழ்ந்த மாவட்டம், முதன்முதலில் ரத்தம் ஏற்றிய ஊர், டயாலிசிஸ் செய்துகொண்ட ஊர் என்று நான்கு கேள்வி தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூடவே பிறந்த வருடம். ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றியவரையும் பின் ஏற்றியவரையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டு தலைமுறைப் பரவல் குழம்பிவிடும்.

இரண்டாவது சறுக்கல், ஒரே சம்பவத்தைப் பல முறை எண்ணுவது. ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் 18 பேருக்கு 1ஏ வந்திருந்தால் அது 18 தனித்தனித் தொற்றுகள் அல்ல. ஒருவரிடமிருந்து மெஷின் பக்கத்திலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்துக் குப்பியிலோ, கையுறையிலோ மற்றவர்களுக்குப் போன ஒரே பரவலாக இருக்கலாம். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோயாளிகளின் வார்டுக்கும் இதே எச்சரிக்கை. வைரஸின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து (இதைத்தான் வரிசைப்படுத்துதல் என்கிறார்கள்), எது எதற்கு உறவு என்று காட்டும் மரவரைபடம் போட்டால் இவை ஒரே கொத்தாக, கிளை நீளம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக வந்து நிற்கும். அப்போது அட்டவணையில் 18 என்றும், பக்கத்தில் "ஒரு கொத்து" என்றும் இரண்டையும் காட்டுவதுதான் நேர்மை.

மூன்றாவது, 2018க்குப் பிறகு புதிதாக முளைத்தது. அந்த வருடம் ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம், 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர். எல்லா வகைக்கும் பிடிக்கும் மருந்து என்பதால் ஜீனோடைப் பார்க்காமலே ஆரம்பிக்கலாம். நோயாளிக்கு இது பெரிய நிம்மதி: ஒரு டெஸ்ட் செலவும் சில வாரக் காத்திருப்பும் மிச்சம். ஆனால் இப்போது லேபுக்கு ஜீனோடைப் கேட்டு வருவது யார்? மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர்கள், சிரோசிஸ் முற்றியவர்கள். மருந்துக்குக் கொஞ்சம் முரண்டு பிடிப்பது வகை 3. ஆகவே புதிய கணக்குகளில் வகை 3 கூடியிருந்தால் அது பரவலால் கூடியதா, சலித்தெடுத்ததால் கூடியதா என்று கேட்காமல் எழுதக் கூடாது. முதல் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தம், பின் எடுத்த ரத்தம் என்று நெடுவரிசையைப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி லேப்.

ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும் வகை சொல்ல முடியாது. வைரஸைத் தானாகவே வென்றவர்களிடமும் ஆன்டிபாடி மட்டும் மிஞ்சியிருக்கும். பஞ்சாபில் மக்களிடையே எடுத்த கணக்கெடுப்பில் ஆன்டிபாடி 3.6 சதவீதம், ஆர்.என்.ஏ. 2.6 சதவீதம், அதாவது நூறு ஆன்டிபாடிக்காரர்களில் 28 பேரிடம் வகைப்படுத்த வைரஸே இல்லை. முதலில் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைப் பாருங்கள். மில்லிக்கு 1,000 ஐ.யூ.வுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான ஜீனோடைப் முறைகள் தடுமாறும்.

ரத்தம் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில், 4 முதல் 5 மில்லி. பச்சை மூடி ஹெபாரின் குழாய் வேண்டவே வேண்டாம், மரபணுத் துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் என்சைமை ஹெபாரின் கட்டிப்போட்டுவிடும், ரிசல்ட் போலி நெகட்டிவ் ஆகும். டயாலிசிஸ் நோயாளியிடம் இது இரட்டைச் சிக்கல்: டயாலிசிஸ் ஓடும்போது ட்யூபிலிருந்து எடுத்தால் எந்த மூடிக் குழாயில் பிடித்தாலும் ஹெபாரின் கூடவே வரும். மெஷின் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த 6 மணி நேரத்துக்குள் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து, 500 மைக்ரோலிட்டராக மூன்று குப்பிகளில் போட்டு −80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியை நாலு தரம் உருக்கி உறைய வைத்தால் ஆர்.என்.ஏ. தேய்ந்துபோகும். மூன்றாகப் பிரிப்பது அதற்காகத்தான்.

ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கப் பரவலாகப் புழங்கும் சிலிக்கா காலம் (column) முறையில் 140 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போகும், கடைசியில் 60 மைக்ரோலிட்டரில் ஆர்.என்.ஏ. இறங்கும். பஃபரில் கேரியர் ஆர்.என்.ஏ. (கொஞ்சமாக உள்ள வைரஸ் ஆர்.என்.ஏ. தொலையாமல் காக்கும் துணை) கலக்க மறந்தால் குறைந்த லோட் சாம்பிள்கள் மட்டும் காணாமல் போகும். அதிக லோட் சாம்பிள்கள் ஒழுங்காக வரும். அதனால் தவறு நடந்ததே தெரியாது. இந்த மாதிரிப் பிழைதான் ஆபத்து: ரன் முழுக்கத் தோற்றால் திரும்பச் செய்வோம், பாதி தோற்றால் "வகைப்படுத்த முடியவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

அடுத்து எந்தத் துண்டு என்பது. நான் பக்கம் பக்கமாக எழுத நினைப்பது இதைப் பற்றித்தான். வைரஸின் தொடக்கத்தில் புரதமாக மாறாத 341 எழுத்துப் பகுதி இருக்கிறது, 5' யூ.டி.ஆர். என்பார்கள். எல்லா வகைகளிலும் அதிகம் மாறாதது. மாறாததால் எந்த சாம்பிளிலும் சுலபமாகப் பெருக்கலாம். வைரல் லோட் டெஸ்டுகள் இதைத்தான் பிடிக்கின்றன. அதே காரணத்தால் வகை பிரிக்க இது சுமாரான இடம். 1ஏவுக்கும் 1பிக்கும் இங்கே வித்தியாசம் காட்டுவது ஏறக்குறைய ஓர் எழுத்துதான். அதைவிட மோசம் வகை 6. 6ஏ, 6பி தவிர்த்த பல துணை வகைகளின் 5' யூ.டி.ஆர். அச்சு அசலாக வகை 1ஐப் போலவே இருக்கும்.

பழைய லைன் புரோப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் அகலம்கூட இல்லாத நைட்ரோசெல்லுலோஸ் பட்டை, அதில் குறுக்காகக் கண்ணுக்குத் தெரியாத புரோப் (குறிப்பிட்ட வகையோடு மட்டும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) கோடுகள். பெருக்கிய டி.என்.ஏ. எந்தக் கோட்டில் ஒட்டுகிறதோ அந்தக் கோடு நிறம் ஏறும். கோடுகளின் வரிசையைச் சார்ட்டில் பொருத்திப் படிப்பது. மிசோரம்காரர் ஒருவரின் 6என் இதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அழகாக "1பி" என்று விழும். பின்னால் வந்த பட்டைகளில் 5' யூ.டி.ஆருக்கு அடுத்துள்ள கோர் பகுதிக்கும் புரோப் சேர்த்தது இதைச் சரிக்கட்டத்தான். இன்டர்ஃபெரான் ஊசிதான் சிகிச்சையாக இருந்த காலத்தில் இந்தப் பிழை யாருக்கும் உறைக்கவில்லை. வகை 1க்கும் 48 வாரம், 6க்கும் 48 வாரம், நோயாளி வாங்கிய ஊசி ஒன்றுதான். ஆனால் பரவல் கணக்கில் அந்தப் பிழை அப்படியே உட்கார்ந்துவிட்டது. வடகிழக்கு பற்றிய பழைய அட்டவணையில் வகை 1 தூக்கலாக இருந்தால், முறை என்ற பகுதிக்குப் போய் எந்தத் துண்டு என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ரியல் டைம் கிட்களில் வேறு விதம். 5' யூ.டி.ஆர். வைத்து 1 முதல் 6 வரை பிரித்துவிட்டு, 1ஏவுக்கும் 1பிக்கும் மட்டும், வைரஸின் வால்பக்கம் உள்ள என்.எஸ்.5பி பகுதியைப் பார்ப்பார்கள். "ஜீனோடைப் 1" என்று வந்து துணை வகை காலியாக இருந்தால் அதை ரிசல்ட்டாக எடுக்காதீர்கள், சந்தேகமாக எடுங்கள். இந்தியாவில் அது 1சி ஆக இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். வரிசைப்படுத்தாமல் அட்டவணையில் ஏற்றக் கூடாது.

பரவல் ஆய்வுக்குச் சரியான துண்டு என்.எஸ்.5பி அல்லது கோர்–இ1 (கோரும் அதை அடுத்த இ1 பகுதியும்). இதற்குச் செலவு உண்டு: மாறக்கூடிய பகுதி என்பதால் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) சில வகைகளில் சரியாக உட்காராது. முதல் சுற்றில் பெருக்கியதையே மறுபடி பெருக்கும் நெஸ்டட் பி.சி.ஆர். இரண்டு சுற்று ஓட்டினாலும் சில சாம்பிள்கள் ஜெல்லில் பட்டையே காட்டாது. அவை தற்செயலாகத் தோற்றவை அல்ல, பிரைமருக்குப் பிடிக்காத வகைகள். அவற்றைக் கழித்துவிட்டு மீதியை நூறாக்கினால் அரிய வகைகள்தான் அடிபடும். தோற்றவற்றை இரண்டாவது துண்டில் ஓட்டுங்கள். அப்போதும் வராதவற்றை "வகை தெரியாதவை" என்று தனி வரியில் எண்ணிக்கையோடு காட்டுங்கள்.

நெஸ்டட் என்றாலே மாசு பயம் உண்டு. ரீஏஜென்ட் கலக்கும் அறை, ஆர்.என்.ஏ. எடுக்கும் அறை, பெருக்கியதைத் திறக்கும் அறை மூன்றும் தனி. பிப்பெட்டும் கோட்டும்கூடத் தனி. ஒவ்வொரு ரன்னிலும் தண்ணீர் கன்ட்ரோல் இரண்டு சுற்றிலும் ஓட வேண்டும். கன்ட்ரோல் சுத்தமாக இருந்தும், ஒரே நாளில் ஓட்டிய இரண்டு நோயாளிகளின் வரிசை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் உறைந்த இரண்டாம் குப்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இங்கேதான் டயாலிசிஸ் கொத்தும் லேப் மாசும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். இரண்டாம் குப்பி இல்லாவிட்டால் பிரித்தறிய வழியே கிடையாது.

வரிசை கிடைத்ததும் அதைப் போன்றவற்றை டேட்டாபேஸில் தேடித் தரும் பிளாஸ்ட் என்ற மென்பொருளில் போட்டு முதலில் வந்த பெயரை எழுதுவது பழக்கமாகிவிட்டது. டேட்டாபேஸில் யாரோ முன்பு தவறாகப் பெயரிட்டது முதலில் வந்தால் நீங்களும் அதே தவறைச் செய்வீர்கள். துணை வகைக்கு இரண்டு மூன்று என்று மேற்கோள் வரிசைகளை எடுத்து, மரவரைபடம் போட்டு, கிளை எவ்வளவு உறுதி என்று சோதிக்கும் பூட்ஸ்ட்ராப் 1,000 முறை ஓட்டி, 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு உள்ள கிளையில் உட்கார்ந்தால் மட்டும் பெயர் வையுங்கள். மேற்கோளில் 3ஏ மட்டும் இருந்தால் 3ஐ வந்தாலும் பாவம், அதன் பக்கத்தில்தான் போய் உட்காரும். வேறு இடம் நாம் தரவில்லையே.

இரண்டு துண்டு பார்ப்பதற்கு இன்னொரு காரணம் கலப்பு வைரஸ். 2002இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து வெளியான 2கே/1பி, தலைப்பக்கம் வகை 2, வால்பக்கம் வகை 1. 5' யூ.டி.ஆர். பார்த்தவர் 2 என்பார், என்.எஸ்.5பி பார்த்தவர் 1 என்பார், இருவருமே சரி. ஜார்ஜியாவில் இது நிறையக் கிடைத்தது. வகை 2 என்று நம்பி சோஃபோஸ்புவிர்–ரிபாவிரின் மட்டும் கொடுத்த இடங்களில் மருந்து பலருக்கு வேலை செய்யவில்லை.

எண்ணிக்கை பற்றி ஒன்று. 40 பேரில் 6 பேருக்கு வகை 6 என்றால் 15 சதவீதம். உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சான நம்பக எல்லை போட்டால் 7 முதல் 29 வரை விரியும். 400 பேரில் 60 என்றால் அதே 15தான், எல்லை 12 முதல் 19 ஆகச் சுருங்கும். 40 பேரை வைத்து "15.00 சதவீதம்" என்று தசமப்புள்ளி போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

எல்லா வகைக்கும் ஒரே மருந்து வந்த பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 3பி ஒன்றே பதில். வெல்படாஸ்விர் குறிவைக்கும் இதன் என்.எஸ்.5ஏ புரதத்தில் 30ஆம் இடத்திலும் 31ஆம் இடத்திலும், வெல்படாஸ்விர் போன்ற மருந்துகளுக்கு எதிரான மாற்றங்கள் பிறவியிலேயே இருக்கும். 3ஏவில் அப்படி இல்லை. ஆசிய நாடுகளில் நடந்து 2019இல் வெளியான சோதனையில், சிரோசிஸோடு 3பி இருந்தவர்களில் 12 வார சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விரில் குணமானது ஏறக்குறைய பாதிப் பேர்தான். எண்ணிக்கை சிறியது, ஆனாலும் மற்றவர்களின் முடிவோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரியது. ரிபாவிரின் சேர்ப்பதா, 24 வாரம் நீட்டுவதா என்று யோசிக்க வேண்டிய நோயாளி இவர். "ஜீனோடைப் 3" என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட் 3ஏவையும் 3பியையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறது. பஞ்சாபில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம், மணிப்பூரில் தெரியும்.

அதோடு, சிகிச்சைக்கு முன் எடுத்த பிளாஸ்மாவில் ஒரு குப்பியைத் தொடாமல் −80இல் விட்டுவையுங்கள். மருந்து முடித்து 12 வாரம் கழித்து வைரஸ் இல்லை என்று வந்தவருக்கு ஒரு வருடத்தில் மறுபடி பாசிட்டிவ் ஆனால், பழையது திரும்பியதா புதிதாகத் தொற்றியதா என்று கேள்வி வரும். 3ஏ இருந்தவருக்கு இப்போது 1பி என்றால் புதிது என்று சொல்லிவிடலாம். ஆனால் பத்தில் ஏழு பேருக்கு வகை 3 உள்ள ஊரில் புதிதாகத் தொற்றுவதும் பெரும்பாலும் 3ஆகத்தான் இருக்கும். அங்கே ரிப்போர்ட்டில் உள்ள எண் எதையும் சொல்லாது. பழைய குப்பியையும் புதிய குப்பியையும் சேர்த்து வரிசைப்படுத்தி, மரத்தில் இரண்டும் பக்கத்தில் உட்காருகின்றனவா, தள்ளி உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும்.